பரணில் உறங்கும் வால்வு வானொலி

பிழைப்பின்பொருட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் விடுமுறைக்கு ஊர் திரும்புங்கால், பரணில் கிடக்கும் பழைய வால்வு வானொலியைக் கண்டு ஆவல் கொள்வது இயல்பு. துணியால் தூசியைத் தட்டி, மின்னிணைப்பில் செருகி, குமிழைத் திருகிப் பார்ப்பார்கள். பல்லாண்டுகள் கெடாதிருந்த பெட்டி அந்த ஒரு நிமிடத்தில் கெட்டுவிடுகின்றது. அஃது ஏன் என்பதையும், எவ்வாறு அதனைத் தவிர்க்கலாம் என்பதையுமே இங்குக் கூறக் கருதுகின்றேன்.

எங்கள் ஊர் எருத்தேன்பதி. பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் உள்ளது. 1956 இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கேரளத்தின் பகுதியாயிற்று. வீட்டு மொழியோ தமிழ். தமிழ்க் குரல் கேட்க, 1939 இல் தொடங்கிய திருச்சி நிலையத்தையும், இரவில் கொழும்பையும் தேடி முள்ளை நகர்த்திய காலம் ஒன்று இருந்தது. 1966 இல் கோவை நிலையம் வந்தபின் அத்தொல்லை குறைந்தது. தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்திக் காத்த பொருள் அன்றோ! அத்தகைய பெட்டி ஒன்று என் பெரியப்பா வீட்டில் இருந்தது. நான் பெங்களூரிலிருந்து சென்றிருந்தபோது, “ஒரு தடவ போட்டுத்தான் பாரேன், கண்ணு” என்றார் பெரியம்மா. நான் போடவில்லை. அவருக்குச் சற்று மனத்தாங்கல்தான்.

காரணம் இது. வால்வுகள் எளிதில் முதுமை அடைவதில்லை. பயன்படுத்தாத வால்வு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். முதுமை அடைவன கண்டென்சர்கள். மின்னோட்டத்தைச் சீராக்கும் பெரிய எலெக்ட்ரோலிடிக் கண்டென்சரினுள் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம், நெடுநாள் மின்சாரம் காணாமையால் நலிந்துவிடுகின்றது. காகிதக் கண்டென்சர்களோ காற்றின் ஈரத்தை உறிஞ்சி, மின்சாரத்தைக் கசியவிடுகின்றன.

இவற்றுள் மிகக் கொடியது, கடைசி வால்வின் கிரிடுக்குச் செல்லும் சிறு காகிதக் கண்டென்சர். ஈ.எல். 84 என்னும் வால்வை எடுத்துக்கொள்வோம். 250 வோல்ட்டில் அது இயங்க, கிரிடு ஏறக்குறைய 7 வோல்ட் எதிர்மின் நிலையில் இருத்தல் வேண்டும். கிரிடிலிருந்து சேஸிக்குச் செல்லும் மின்தடை 1 மெகோம் என்போம். கண்டென்சர் வழியே 5 மைக்ரோஆம்பியர் கசிந்தாலும் கிரிடில் 5 வோல்ட் நேர்மின் ஏறிவிடும். ஏழில் ஐந்து போயிற்று! கடிவாளம் தளர்ந்த குதிரைபோல் வால்வு மிகுதியான மின்சாரத்தை இழுக்கும். ஒலிபெருக்கிக்கு முன் உள்ள டிரான்ஸ்பார்மர் கருகும். அதன் கம்பி மிக மெல்லியது. மோட்டாருக்குக் கம்பி சுற்றுவோர் கோவையில் பலர். இதைச் சுற்றித் தருவோரைத் தேடவேண்டும். சில ரூபாய் விலையுள்ள கண்டென்சர், பெட்டியின் உயிரையே வாங்கிவிடுகின்றது.

சாதாரண மீட்டர் இக்கசிவைக் காட்டாது. அது சில வோல்ட்டுகளிலேயே சோதிக்கின்றது. குறையோ நூறு வோல்ட்டுக்கு மேல்தான் வெளிப்படும். ஆதலின் ஐயுறாமல் மாற்றிவிடுவதே அறிவுடைமை. அதே அளவுள்ள, 630 வோல்ட் தாங்கும் பாலியெஸ்டர் கண்டென்சர் போதும். எலெக்ட்ரோலிடிக்கையும் மாற்றுக, நேர்முனை, எதிர்முனை தவறாதிருக்கட்டும். பெரியது நல்லது என்று எண்ணி ரெக்டிபையர் வால்வை அடுத்துள்ள கண்டென்சருக்கு மிகுந்த அளவுள்ளதைப் போட்டால், அந்த வால்வு தாங்காது. ஈ.இசட். 80 வகைக்கு 50 மைக்ரோபாரட் எல்லை.

சேஸியைத் தொடுமுன் மற்றொன்றைப் பார்த்தல் வேண்டும். வால்வுகளின் பெயர் ‘யூ’ என்று தொடங்கினால், யூ.சி.எச். 81, யூ.எல். 84 என்பன போல, அது பெரும்பாலும் ஏ.சி., டி.சி. இரண்டிலும் இயங்கும் பெட்டி. அதில் மின்சாரத்தைப் பிரித்து நிறுத்தும் டிரான்ஸ்பார்மர் இல்லை. பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேஸியே 230 வோல்ட்டில் நிற்கும். பின்புறத்துக் கிராமபோன் துளையில் கைப்பேசியை இணைத்துப் பாட்டுக் கேட்க இன்று பலர் விரும்புகின்றனர். ‘யூ’ வகைப் பெட்டியில் இது உயிருக்கே ஆபத்து. தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் இன்றி இவ்வகையைத் திறத்தலும் வேண்டா. பழக்கமில்லாதவர் கைதேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே நன்று. ‘ஈ’ என்று தொடங்கும் வால்வுகளும் மின் டிரான்ஸ்பார்மரும் உள்ள பெட்டியே முதல் முயற்சிக்கு ஏற்றது. அதிலும் பிளக்கைப் பிடுங்கியபின் கண்டென்சரில் மின்சாரம் தேங்கி நிற்கும். சில கிலோஓம் மின்தடை ஒன்றால் அதனை வடித்து, மீட்டரால் உறுதி செய்துகொண்ட பிறகே கை வைக்கவேண்டும்.

மாற்றம் முடிந்தபின், பெட்டியோடு 60 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து மின்சாரம் தருக. எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. பல்பு முதலில் ஒளிர்ந்து, இழைகள் சூடேறியதும் மங்கினால் நலம். மங்காமல் எரியுமாயின் உடனே நிறுத்துக; எங்கோ குறுக்குச்சுற்று இருக்கின்றது.

உதிரிப் பொருள்களுக்கு ஊர்வரை வரவேண்டியதில்லை. மும்பையில் லாமிங்டன் சாலை, பெங்களூரில் எஸ்.பி. சாலை, டில்லியில் லஜபதிராய் மார்க்கெட், சென்னையில் ரிச்சி தெரு ஆகிய இடங்களில் கண்டென்சர் வகைகள் கிடைக்கும். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961 முதல் வானொலி வால்வுகளைச் செய்தது. அதன் வால்வுகள் பழைய சரக்குக் கடைகளில் சில சமயம் தென்படுவதுண்டு.

கிராமபோன் சேர்ந்த பெட்டியாயின், ஊசி பிடிக்கும் தலையில் உள்ள ரோஷல் உப்புப் படிகம் மழைக்கால ஈரத்தில் கெட்டிருக்கக்கூடும். செராமிக் தலை பொருத்தலாம். 78 சுற்று அரக்குத் தட்டுக்கும் நெடுந்தட்டுக்கும் ஊசி வேறு என்பதை மறவற்க.

ஐ.எப். சுருள்களின் திருகுகளைத் திருக வேண்டா. டயல் கண்ணாடியின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டா. இதை நான் பட்டறிந்தே சொல்கின்றேன். அத்தனை எச்சரிக்கையோடும் வேலை செய்த நான், முடிவில் கண்ணாடியைத் துடைத்தேன். அச்சிட்டிருந்த ஊர்ப்பெயர்களில் பாதி துணியோடு வந்துவிட்டன.

மூன்றாம் நாள் மாலை பல்பு மங்கிற்று. முதலில் இரைச்சலே கேட்டது. அருகில் செருகியிருந்த கைப்பேசி சார்ஜரைப் பிடுங்கியதும் அது பெரும்பாலும் அடங்கிற்று. முள் எந்த ஊரில் நிற்கின்றது என்று கண்ணாடி இப்போது சொல்லாது. பெரியம்மாதான் செவியால் கண்டறிந்து, “இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்” என்றார்.