தொண்ணூறில் உதறும் வண்டி

வேலூரிலிருந்து ஆம்பூருக்குக் காரில் போகும்போது, பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டியதும் வண்டி வேகம் பிடிக்கிறது. 80 கிலோமீட்டர் வரை ஒன்றும் தெரியாது. 90ஐ நெருங்கும்போது ஸ்டீயரிங் உள்ளங்கையில் குறுகுறுக்கும். 95இல் நன்றாகவே உதறும். அதற்கு மேல் போனால் அடங்கியும் போகும். மெக்கானிக்கிடம் காட்டலாம் என்று ஊருக்குள் கொண்டுவந்தால், நெரிசலில் 40இல் ஊரும் வண்டி சமர்த்தாக இருக்கும். "எனக்கு ஒண்ணும் தெரியலையேண்ணா" என்று அவர் சாவியைத் திருப்பித் தருவார்.

எஸ்யூவி வைத்திருக்கும் குடும்பங்களில் இந்தப் புகார் அடிக்கடி கேட்பது. அதற்கு நடக்கும் வைத்தியமும் ஒரே மாதிரிதான். முதலில் அலைன்மென்ட், பிறகு பேலன்சிங், பிறகு நான்கு புது டயர். அதற்கும் நிற்காவிட்டால் லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர், எஞ்சின் மவுண்டிங் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார்கள். பல ஆயிரம் ரூபாய் கரைந்த பிறகும் உதறல் இருந்த இடத்திலேயே இருக்கும். இதில் என்னை வருத்துவது என்னவென்றால், காரில் வரும் கோளாறுகளிலேயே தன் இருப்பிடத்தைத் தானே சொல்லிவிடுவது அதிர்வுதான். நமக்கு எண்ணத் தெரிந்தால் போதும்.

எண்ணிப் பார்ப்போம். நம் ஊர் எஸ்யூவிகளில் பரவலாகக் காணும் 235/65 ஆர்17 டயரின் சுற்றளவு சுமார் 2.3 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 27.8 மீட்டர். ஆக, அந்த வேகத்தில் ஒவ்வொரு சக்கரமும் வினாடிக்கு 12 முறை சுற்றுகிறது. 90இல் 11 முறை. சக்கரத்தில் ஒரே ஒரு கோணல் இருந்தாலும் சுற்றுக்கு ஒரு முறை அது வண்டியைத் தட்டும். அதாவது வினாடிக்கு 11 அல்லது 12 தட்டு.

இனி வண்டியின் அடிப்பகுதியைப் பாருங்கள். டயர், ரிம், டிஸ்க், ஹப் எல்லாம் சேர்ந்த கனமான கட்டு, கீழே டயரின் காற்றுக்கும் மேலே ஸ்பிரிங்குக்கும் நடுவில் தொங்குகிறது. அதைத் தட்டிவிட்டால் இயல்பாக மேலும் கீழும் துள்ளும் வேகம், பெரும்பாலான கார்களில் வினாடிக்கு 10 முதல் 15 முறை. 90இலிருந்து 110க்குள் சக்கரத்தின் தட்டும் இந்தத் துள்ளலும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சிறுபிள்ளையின் கைக்கும் அது உயரப் போவது போல, சிறிய தட்டுகூட பெரிய ஆட்டமாகிவிடுகிறது. 60இல் அதே கோளாறு இருந்தும் தெரியாததற்கும், இன்னும் வேகம் கூடினால் அடங்குவதற்கும் காரணம் இதுதான். "வேகமா போனா நின்னுடுது" என்று மிதிப்பவர்கள் இருக்கிறார்கள். நின்றது ஸ்டீயரிங்கில் தெரியும் ஆட்டம் மட்டுமே. பேரிங்கும் பால் ஜாயின்டும் வாங்கும் அடி வேகத்தோடு ஏறிக்கொண்டேதான் போகிறது.

அந்த அடி எவ்வளவு? இதைப் புரிந்துகொள்ள ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் வெளியே எங்கும் போக வேண்டாம். டேனரிகளில் தோலைப் பதப்படுத்தும் பெரிய மர டிரம்களைப் பார்த்திருப்பார்கள். உள்ளே நனைந்த தோல்கள் ஒரு பக்கமாகக் குவிந்து குவிந்து விழுகின்றன. இருந்தும் கட்டடம் நிற்கிறது. டிரம் நிமிடத்துக்குப் பத்துச் சுற்றையொட்டித்தான் சுழல்கிறது என்பதே காரணம். 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் சக்கரம் நிமிடத்துக்கு 720 சுற்றுச் சுற்றுகிறது. ஒருபக்கமாக எடை கூடிய பொருள் சுழலும்போது வெளியே இழுக்கும் விசை, சுழலும் வேகத்தின் இருமடிப்படி ஏறும். வேகம் 72 மடங்கானால் விசை 5,000 மடங்குக்கு மேல். அதனால்தான் 17 அங்குல ரிம்மின் விளிம்பில் 50 கிராம் எடை அதிகமாக இருந்தால், 100இல் அது 6 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வினாடிக்கு 12 முறை இழுக்கிறது. 50இல் அதே 50 கிராமின் இழுப்பு ஒன்றரைக் கிலோதான்.

50 கிராம் என்பது ஒரு கைப்பிடி மண்கூட இல்லை. பாலாற்றங்கரை வண்டித்தடத்திலோ தோப்புப் பாதையிலோ ஒரு நாள் போய் வந்தால் ரிம்மின் உள்பக்கத்தில் அப்பிக் காய்ந்துபோகும் சேறு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே முதல் வைத்தியம் வாட்டர் சர்வீஸ். சக்கரத்தின் பின்பக்கத்தை நன்றாகப் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். பேலன்சிங் செய்யும்போது அங்கே ஒட்டியிருந்த எடைக்கட்டி ஒன்று விழுந்திருந்தால், அதன் பசைத் தடமும் அப்போது கண்ணில் படும்.

கழுவியும் போகவில்லை என்றால் பாகம் எதையும் கழற்றுவதற்கு முன் சில கேள்விகள் கேட்க வேண்டும். அதிர்வு எதைப் பின்தொடர்கிறது: வண்டியின் வேகத்தையா, எஞ்சினின் சுற்றையா, பிரேக் மிதியையா, ஆக்சிலரேட்டர் மிதியையா?

முதல் இரண்டையும் பிரிப்பது எளிது. உதறல் வரும் வேகம் 90 என்றால், நேரான காலிச் சாலையில் 90ஐ விடாமல் ஒரு கியர் இறக்கிப் பாருங்கள். சக்கரம் சுற்றும் எண்ணிக்கை மாறாது. எஞ்சின் சுற்று மட்டும் ஏறும். அதிர்வு அப்படியே இருந்தால் எஞ்சினுக்குப் பங்கில்லை. மாறினாலோ மறைந்தாலோ எஞ்சின், கிளட்ச், மவுண்டிங் பக்கம் திரும்பலாம். நிறுத்திய வண்டியில், நியூட்ரலில், அதே ஆர்.பி.எம்முக்கு ஏற்றிப் பார்ப்பது அதற்கு அடுத்த சோதனை. அங்கேயும் நடுங்கினால் வழக்கு எஞ்சின் அறைக்குள்ளேயே முடிந்துவிடும். பெரும்பாலும் ரப்பர் பிளந்த மவுண்டிங்தான் காரணமாக இருக்கும். இந்தச் சோதனைகளை ஓட்டுபவர் தனியாகச் செய்யக்கூடாது. கவனித்துச் சொல்லப் பக்கத்தில் ஒருவர் வேண்டும். ஓடும் வண்டியில் எஞ்சினை அணைத்துப் பார்க்கும் வேலை எக்காரணம் கொண்டும் வேண்டாம். ஸ்டீயரிங்கின் உதவியும் பிரேக்கின் உதவியும் அதோடு போய்விடும்.

வேகத்தைப் பின்தொடரும் அதிர்வு என்றால் சந்தேகம் சக்கரத்தின் மேல். ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முன்சக்கரம், சீட்டிலும் தரையிலும் தெரிந்தால் பின்சக்கரம் என்பது அனுபவசாலிகளின் கணக்கு. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங்கில் இருந்த உதறல் சீட்டுக்கு வந்துவிட்டால் குற்றவாளி டயரிலோ ரிம்மிலோ இருக்கிறது. இடம் மாறாவிட்டால் ஹப்பையோ அச்சையோ பார்க்க வேண்டும். செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் நான்கு டயர் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். அலைன்மென்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரமாகத் தேயும். 90இல் வரும் உதறலுக்கு அது நேர்க் காரணமாவது அபூர்வம்.

பேலன்சிங் இயந்திரத்தில் இரு பக்கமும் பூஜ்யம் காட்டிய சக்கரம் சாலையில் உதறுவதுதான் பலரைக் குழப்பும் இடம். இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். கம்பெனி ரிம்மைக் கழற்றிவிட்டு அழகுக்காக வெளியில் வாங்கிய அலாய் வீல் போட்ட வண்டிகளில் இது அதிகம். ரிம்மின் நடுவில் உள்ள துளை, காரின் ஹப்பில் இறுக்கமாக உட்கார வேண்டும். பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று செய்த அலாய்களில் அந்தத் துளை பெரிதாக இருக்கும். பேலன்சிங் இயந்திரம் கூம்பு ஒன்றை நுழைத்து ரிம்மைச் சரியாக நடுவில் பிடித்துக்கொள்வதால் அங்கே எல்லாம் பூஜ்யம். காரிலோ நட்டுகள் இழுத்த பக்கம் சக்கரம் ஒரு நூல் விலகி உட்காருகிறது. இடைவெளியை நிரப்பும் ஒரு வளையம் போட்டால் தீரும் விஷயம் இது. ஹப்பின் முகத்தில் துரு படிந்திருந்தாலும் இதே கதைதான். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு மாட்ட வேண்டும்.

இயந்திரம் எடையை மட்டுமே பார்க்கும், வட்டத்தைப் பார்க்காது என்பது இன்னொரு விஷயம். வேலூர் வெயிலில் ஒரே இடத்தில் பல நாள் நின்ற கனமான வண்டியின் டயர், தரை தொட்ட இடத்தில் தட்டையாகிவிடும். ஓடிச் சூடானதும் சில நேரம் தானே வட்டத்துக்குத் திரும்பும். புறப்பட்டவுடன் உதறி, மாதனூர் வருவதற்குள் சரியாகிவிடும் வண்டிகளின் ரகசியம் இதுதான். நெடுநாள் நின்றிருந்தால் தட்டை நிலைத்துவிடுவதும் உண்டு.

"வருது, போகுது" என்று சொல்லப்படும் அதிர்வுக்கும் கணக்கு இருக்கிறது. இரண்டு சக்கரங்களில் கோணல் இருந்து, ஒன்றின் சுற்றளவு மற்றதைவிட அரை சதவீதம் குறைவாக இருக்கிறது என்று வையுங்கள். இரண்டின் தட்டும் சில வினாடி ஒன்றாக விழும், பிறகு மெல்ல விலகி ஒன்றையொன்று அழிக்கும், மறுபடி சேரும். வினாடிக்கு 12 சுற்றில் இந்த முழு ஏற்ற இறக்கத்துக்குப் பதினாறு, பதினேழு வினாடி ஆகும். ஆகவே சீராக ஏறி இறங்கும் அதிர்வு, கோளாறு ஒரு சக்கரத்தில் மட்டும் இல்லை என்பதற்கு அடையாளம்.

பிரேக் மிதித்தால் மட்டும் வரும் உதறலுக்கு ஏலகிரி இறக்கம் நல்ல சோதனைக் கூடம். 14 கொண்டை ஊசி வளைவுகள். 2 டன் வண்டி 600 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த உயரத்தின் ஆற்றல் ஏறத்தாழ 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் அளவு. கீழ் கியரில் எஞ்சினைக் கொண்டு வண்டியைப் பிடிக்காமல் பிரேக்கை மட்டுமே நம்பினால் பெரும்பங்கு வெப்பம் டிஸ்க்கில்தான் இறங்கும். "டிஸ்க் வளைஞ்சிடுச்சு" என்பார்கள். பெரும்பாலும் டிஸ்க்கின் தடிமன்தான் சுற்றிலும் ஒரே அளவாக இல்லாமல் போயிருக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு வித்தியாசமே கையில் தெரியும். பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் வீல் நட்டுகளைக் கண்டபடி இறுக்குவதும் நாளடைவில் இங்கே கொண்டுவிடும். நட்டு இறுக்கத்துக்கு வண்டியின் கையேட்டில் அளவு இருக்கிறது, டார்க் ரெஞ்சும் இருக்கிறது. கேட்டு வாங்குவதில் கூச்சம் வேண்டாம்.

ஆக்சிலரேட்டரை மிதித்தால் நடுங்கி, காலை எடுத்தால் நின்றால், எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டுகளைப் பார்க்க வேண்டும். பின்சக்கரம் இழுக்கும் பொலிரோ, ஃபார்ச்சூனர் போன்ற வண்டிகளில் அடியில் நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஓடுகிறது. டிஃபரென்ஷியல் விகிதம் 4 என்றால், 100இல் அது வினாடிக்கு 48 முறை சுழலும். அது கையில் உதறலாகத் தெரியாது. தரையிலும் சீட்டிலும் உறுமலாகத் தெரியும். அதன் இரு முனையிலும் உள்ள கிராஸ் இணைப்புக்கு ஒரு குணம் உண்டு. கோணத்தில் இயங்கும்போது அது ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை வேகம் கூடி, இரு முறை குறையும். முன்முனை செய்யும் இந்தக் கோணலைப் பின்முனை அழிக்கும்படி இரண்டையும் ஒரே வரிசையில் வைத்திருப்பார்கள். கிராஸ் மாற்றும்போது அடையாளக் கோடு போடாமல் கழற்றி, பல் மாற்றிச் செருகிவிட்டால் அந்த உடன்பாடு கெட்டுவிடும். "கிராஸ் மாத்தினதிலிருந்துதான் சத்தம்" என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதை. கிரெட்டா போன்ற முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் இந்தத் தண்டு இல்லை. அங்கே டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க ஜாயின்ட் தேய்ந்தால் மிதிக்கும்போது வண்டி பக்கவாட்டில் ஆடும்.

ராணிப்பேட்டை பெல் ஆலை, அனல்மின் நிலையங்களுக்கான ராட்சத விசிறிகளைச் செய்கிறது. அப்படிப்பட்ட இயந்திரங்களில் அதிர்வைப் பார்க்கும் பொறியாளர்கள் ஒரு உணரியைப் பொருத்தி, வினாடிக்கு எத்தனை தட்டு என்பதைத்தான் முதலில் எடுப்பார்கள். அந்த உணரி இப்போது நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் 'ஃபைஃபாக்ஸ்' செயலி, கைபேசியின் முடுக்கமானியைக் கொண்டு அதிர்வை எண்ணிக்கைவாரியாகப் பிரித்து வரைந்து காட்டும். உடன் வருபவர் கைபேசியைத் தரையில் அழுத்திப் பிடித்திருந்தால் போதும். 100இல் 12இன் அருகே சிகரம் எழுந்தால் சக்கரம். 48இன் அருகே என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்ட். நான்கு சிலிண்டர் எஞ்சின் 2,000 ஆர்.பி.எம்மில் ஓடும்போது 33இலோ 67இலோ எழுந்தால் எஞ்சின். நொடிக்கு 100 முறை மட்டும் அளக்கும் கைபேசியில் 50க்கு மேற்பட்ட எண்களை நம்பக்கூடாது. இந்தப் படத்தோடு போனால் மெக்கானிக்குக்கும் வேலை எளிது, வாக்குவாதமும் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, சோதனை எதுவும் செய்யாமல் உடனே ஓரம் கட்ட வேண்டிய அதிர்வு ஒன்று இருக்கிறது. நேற்றுவரை இல்லாமல் திடீரெனத் தொடங்கி, குறைந்த வேகத்திலும் ஒரு மூலையைத் தூக்கித் தூக்கிப் போட்டு, கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் கூடிக்கொண்டே போகும் ஆட்டம். டயருக்குள் இருக்கும் எஃகு இழைப் பட்டையிலிருந்து மேல் ரப்பர் பிரியத் தொடங்கியிருக்கலாம். அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற குடும்ப எஸ்யூவியில் இதுவே பேரழிவானது. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அந்த டயர்களோடு தொடர்புடைய விபத்துகளில் 270க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அந்நாட்டு அரசு அமைப்பு கணக்கிட்டது. டெக்சாஸ், அரிசோனா, புளோரிடா போன்ற வெயில் மாநிலங்களில்தான் டயர்கள் அதிகம் பிரிந்தன. வெயில், வேகம், முழுச் சுமை, குறைந்த காற்று நான்கும் சேரும்போது டயர் உள்ளுக்குள் வெந்துபோகிறது. கத்திரி வெயிலில் ஏழு பேரும் மேலே மூட்டையுமாக 48ஆம் எண் சாலையில் போகும் வண்டிக்கு இந்த நான்கும் பொருந்தும்.

ஆகவே பயணத்துக்கு முன் குளிர்ந்த டயரில் காற்று பாருங்கள். வீட்டிலிருந்து புறப்படும் முன் பார்ப்பது நல்லது, 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு பங்கில் பார்க்கும் அளவு ஏமாற்றும். டயரின் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள். புடைப்பு தட்டுப்பட்டால் அந்த டயர் அன்றோடு சரி. அதே சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. டிக்கியிலோ வண்டிக்கு அடியிலோ கிடக்கும் ஸ்டெப்னியிலும் இந்த எண்ணைப் படியுங்கள். சந்தேகப்படும் சக்கரத்தைக் கழற்றிவிட்டு முழு அளவு ஸ்டெப்னியை மாட்டி ஓட்டுவது எளிய சோதனைதான். ஆனால் வண்டி வாங்கிய நாளிலிருந்து தரையையே தொடாத ஸ்டெப்னியின் ரப்பருக்கும் மற்ற நான்குக்கும் வயது ஒன்றுதான். ஸ்டெப்னி ஒல்லியான தற்காலிக வகையாக இருந்தால், அதன் மேலேயே 80 கிலோமீட்டர் என்று வரம்பு எழுதியிருக்கும். அதை மாட்டிக்கொண்டு 90இல் உதறுகிறதா என்று பார்க்கக்கூடாது.