2028-இல் காலாவதியாகும் உரிமங்கள்: பார்சிலோனாவின் வாடகை வீட்டுக் கணக்கு

ஸ்பெயினின் தன்னாட்சிப் பகுதியான கத்தலோனியாவின் தலைநகர் பார்சிலோனாவில் உரிமம் பெற்று இயங்கும் 10,101 சுற்றுலாக் குடியிருப்புகளில் ஒன்றுக்கும் 2028 நவம்பருக்குப் பிறகு உரிமம் இருக்காது என்று மேயர் ஜாவ்மே கொல்போனி 2024 ஜூனில் அறிவித்தார். உலகெங்கும் இது ஒரு தடையாணையாகவே செய்தியானது. சட்டப்படி பார்த்தால், தாமாகவே முடிந்துபோகும் உரிமங்களை மாநகராட்சி புதுப்பிக்கப் போவதில்லை, அவ்வளவே. திட்டத்தின் வலிமை முழுவதும் இந்த நுணுக்கத்தில்தான் இருக்கிறது.

முழு வீட்டையும் 31 நாளோ அதற்குக் குறைவாகவோ வாடகைக்கு விடுவதையே கத்தலோனியச் சட்டம் சுற்றுலாக் குடியிருப்பு என்கிறது. இத்தகைய வீடுகளுக்குப் புதிய உரிமம் வழங்குவதைப் பார்சிலோனா 2014-இலேயே நிறுத்திவிட்டது. உரிமமற்ற வீடுகளை விளம்பரப்படுத்தியதற்காக ஏர்பிஎன்பி நிறுவனத்துக்கு 2016-இல் 6 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. அடா கொலாவ் மேயராக இருந்த 2017-இல், தங்கும் விடுதிகளையும் இக்குடியிருப்புகளையும் நகரின் எப்பகுதியில் எவ்வளவு அனுமதிக்கலாம் என்று வரையறுக்கும் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆனால் ஏற்கெனவே வழங்கிய உரிமங்களுக்கு முடிவு தேதி இல்லாததால், புதியவை நின்றதும் பழையவை அரிய பொருளாகி, வீட்டை விற்கும்போது உரிமத்துக்கும் சேர்த்து விலை பேசப்படும் நிலை வந்தது. கட்டுப்பாடே அதற்கு முன்பே நுழைந்துவிட்டவர்களுக்கு ஆதாயமாக மாறிய விந்தை இது.

அந்த முடிவு தேதியைத் தந்தது, கத்தலோனிய அரசு 2023 நவம்பரில் பிறப்பித்த அவசரச் சட்டம். வீட்டுத் தட்டுப்பாடு மிகுந்த ஊர்களில் சுற்றுலா வாடகைக்கு நகரமைப்பு அனுமதி கட்டாயம் என்றும், அது ஐந்தாண்டுக்கே செல்லும் என்றும், நூறு குடிமக்களுக்குப் பத்து உரிமங்களுக்கு மேல் கூடாது என்றும் அச்சட்டம் விதித்தது. பதினாறு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் பார்சிலோனா இந்த உச்சவரம்பின் அருகில்கூட இல்லை; ஆகவே எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குவது மாநகராட்சி தானாக எடுத்த அரசியல் முடிவு. சட்டத்தை எதிர்த்து ஸ்பெயினின் பழமைவாதக் கட்சியான மக்கள் கட்சி தொடுத்த வழக்கை அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2025 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. சொத்துரிமையின் எல்லையை அதன் சமூகப் பயனே வரையறுக்கும் என்று அந்நாட்டு அரசியலமைப்பின் 33-ஆம் பிரிவு கூறுவதால், ஒரு வீட்டை எந்தப் பயனுக்கு விடலாம் என்று முறைப்படுத்துவதைச் சொத்தைப் பறிப்பதாக எளிதில் வாதிட முடிவதில்லை. ஏற்கெனவே உரிமம் பெற்றவர்களுக்கு அச்சட்டம் தந்த ஐந்தாண்டு அவகாசமும் இழப்பீட்டுக் கோரிக்கைகளை முன்கூட்டியே தணிக்கும் ஏற்பாடுதான்.

பத்தாண்டுகளில் நகரின் வாடகை 68 சதவீதமும் வீட்டு விலை 38 சதவீதமும் உயர்ந்ததையே மேயர் காரணமாகக் காட்டினார். நகரிலுள்ள ஏறத்தாழ 8 லட்சம் வீடுகளில் இந்தப் பத்தாயிரம் நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும் என்பதால், வாடகை ஏறியதற்கு இவற்றை மட்டும் காரணமாக்குவது மிகை. எனினும் இவை நகரெங்கும் சீராகப் பரவியிருக்கவில்லை. முனை வெட்டிய சதுரத் தொகுதிகளாகத் திட்டமிடப்பட்ட எஷாம்ப்ளா மாவட்டத்தில்தான் இவை மிக அதிகம். அங்கே ஒரே படிக்கட்டைப் பகிரும் வீடுகளில் இரண்டு மூன்று விருந்தினருக்கென ஆகிவிட்டால், நள்ளிரவில் பெட்டிச் சக்கரங்கள் உருளும் ஓசையும், வாரந்தோறும் மாறும் முகங்களும், உள்முற்றத்தில் எதிரொலிக்கும் கொண்டாட்டமும் எஞ்சிய குடும்பங்களின் அன்றாடமாகிவிடுகின்றன. சராசரிக் கணக்கில் இந்த நெருக்கடி தெரிவதில்லை.

காலியாகும் வீடுகள் உள்ளூர்க் குடும்பங்களுக்கே போய்ச்சேரும் என்பதற்கு உறுதி உண்டா என்பது இதைவிடக் கடினமான கேள்வி. 2024 மார்ச்சில் கத்தலோனியாவின் 140 ஊர்களில் வாடகை உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தபின், ஒரு மாதத்துக்கு மேல், ஓராண்டுக்குள் என்று ஒப்பந்தமிடும் ‘பருவகால வாடகை’யின் பக்கம் உரிமையாளர்கள் பலர் திரும்பினர்; சுற்றுலா உரிமத்தை இழப்பவருக்கும் கண்ணில் படும் முதல் வழி அதுவே. புதிய பெரிய கட்டடங்களில் 30 சதவீதத்தை மலிவு விலை வீடுகளுக்கு ஒதுக்க வேண்டுமென்ற பார்சிலோனாவின் 2018-ஆம் ஆண்டு விதியும் எதிர்பார்த்த வீடுகளைத் தரவில்லை. உரிமத்தை முடிப்பதற்கு ஒரு தேதி போதும். வாடகையைக் குறைக்கக் கட்டுமானமும் கண்காணிப்பும் பணமும் வேண்டும்.

இதற்கிடையே 2027 மே மாதத்தில் பார்சிலோனாவில் உள்ளாட்சித் தேர்தல் வருகிறது. 2028 நவம்பரில் புதுப்பிப்பதா மறுப்பதா என்று தீர்மானிக்கப் போவது அதில் தேர்ந்தெடுக்கப்படும் மாமன்றமே.