தேநீரின் துவர்ப்பும் உணவின் இரும்புச்சத்தும்

வாழைப்பூவை அரிந்த கத்தி கறுத்துப் போவதை இல்லங்களில் யாவரும் கண்டிருப்பர். பூவிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொள்வதால் உண்டாகும் கறையே அது. ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளில் நாள்தோறும் கொய்யப்படும் தேயிலைக் கொழுந்திலும் இவ்வினப் பொருள்கள் நிறைந்துள்ளன. உலர்ந்த கொழுந்தின் நிறையில் ஏறத்தாழ 30 வீதம் இவையே. விஞ்ஞானிகள் இவற்றைப் பொலிபீனோல்கள் என்பர்.

இவற்றின் ஆராய்ச்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர் யப்பான் நாட்டு அறிஞர் மிச்சியோ சுஜிமுரா அம்மையார். பச்சைத் தேயிலையில் விற்றமின் சி உளதென்பதை 1924 இல் மற்றோர் அறிஞருடன் சேர்ந்து வெளியிட்ட அவர், 1929 இல் அதிலிருந்து கற்றெக்கின் என்னும் துவர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1932 இல் விவசாயக் கலாநிதிப் பட்டம் பெற்ற அவரே, அந்நாட்டில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணி. நமது தொழிற்சாலைகளில் கொழுந்து உருட்டப்படும்போது கற்றெக்கின் காற்றிலுள்ள ஒட்சிசனைச் சேர்ந்து மாறுகின்றது. தேநீரின் செந்நிறமும் சுவையும் அம்மாற்றத்தினாலேயே வருகின்றன. ஆனால், பச்சை இலையிலிருந்த விற்றமின் சி கறுப்புத் தேயிலையில் ஏறக்குறைய முற்றாக அழிந்துவிடுகின்றது.

பொலிபீனோல்கள் ஒட்சியேற்ற எதிரிகளாகும். அதாவது, பிற பொருள்கள் ஒட்சிசனாற் பழுதாவதைத் தடுப்பன. சோதனைக் குழாயில் இது ஐயமறக் காணப்படுகின்றது. எனினும், சோதனைக் குழாய் வேறு, மனித உடல் வேறு. தேயிலைப் பொதிகளில் அச்சிடப்படும் புகழுரைகள் யாவும் நிறுவப்பட்டவை என எண்ணலாகாது.

தோட்டக் குடும்பங்கள் கவனிக்கவேண்டியது வேறொன்று. ரொட்டியும் சம்பலும் உண்டு, உடனே சாயத்தண்ணீர் குடிக்கும் வழக்கம் லயங்களில் பரவலாக உண்டு. வாழைப்பூ கத்தியிற் செய்ததையே தேநீர் இரைப்பையிலும் குடலிலும் செய்கின்றது. கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றிலுள்ள இரும்பை அது பற்றிக்கொள்வதால், அவ்விரும்பு குருதியிற் சேராது கழிந்துபோகின்றது. டிஸ்லர் முதலியோர் 1975 இல் இதனை மனிதரிடத்தே சோதித்துக் காட்டினர். 1999 இல் ஹரல் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், ரொட்டியுணவோடு கறுப்புத் தேநீர் அருந்தியபோது இரும்பு உறிஞ்சப்படுதல் 79 முதல் 94 வீதம் வரை குறைந்தது. பால் சேர்த்தாலும் இக்குறை நீங்கவில்லை. குருதிச்சோகையால் தளர்ந்த பெண்ணொருத்தி கூடை சுமந்து மலையேறும் துன்பத்தை அறிந்தவர் இதனைச் சிறு செய்தியாகக் கொள்ளார்.

இதற்காகத் தேநீரை விட்டொழிக்க வேண்டியதில்லை; நேரத்தை மாற்றினாற் போதும். உணவுக்கு ஒரு மணி நேரம் பிந்தி அருந்தினால் தடை பெரிதும் குறைகின்றதென 2017 இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வொன்று காட்டியுளது.

மரக்கறித் தோட்டமும் இங்கே துணைசெய்யும். விற்றமின் சி இரும்பை உடல் ஏற்கத்தக்க நிலையில் வைத்திருக்கும் இயல்புடையது. லயத்தின் பின்புறத்துச் சிறு பாத்தியிலே வல்லாரை, பொன்னாங்காணி, தக்காளி, பச்சைமிளகாய் ஆகியவற்றை வளர்த்து, கீரையைச் சம்பலாக்கித் தேசிக்காய் பிழிந்து உணவோடு உண்பது மிக நன்று. நுவரெலியாவின் குளிரில் தேசி செழிக்காதாயினும், அங்கு மிகுதியாய் விளையும் கோவாவில் விற்றமின் சி போதியளவு உண்டு. ஆனால் இவ்விற்றமின் நீரிற் கரைவது, வெப்பத்தில் அழிவது. ஆகவே கோவாவை முழுதாகக் கழுவிய பின்னரே அரிதல் வேண்டும். சிறிது நீரில், மூடி, விரைவில் இறக்குதல் வேண்டும். அவித்த நீரை ஊற்றிவிடுவோர் பயனிற் பாதியை ஊற்றிவிடுகின்றனர். சிறிது நெத்தலிக் கருவாடு சேர்ப்பினும் கீரையின் இரும்பு நன்கு சேரும்.

நெற்செய்கையாளருக்கும் ஒரு சொல். சிவப்பரிசியின் நிறமும் பொலிபீனோல் இனத்தாலேயே வருவது. அரிசியை வெள்ளையாகத் தீட்டும்போது இப்பொருளோடு இரும்பும் தவிட்டிற் போய்விடுகின்றது. தவிடு நீங்காத அரிசி சத்துடையதே. எனினும் அத்தவிட்டிலும் இரும்பைப் பிடித்துவைக்கும் பொருள்கள் இருத்தலால், அச்சோற்றோடும் தேசிப்புளியோ பச்சைக் கீரைச் சம்பலோ இருத்தல் வேண்டும்.

கருவுற்ற தாய்மாருக்குச் சிகிச்சை நிலையங்களில் வழங்கப்படும் இரும்பு மாத்திரையைத் தேநீருடன் விழுங்கலாகாது. வெறும் நீருடன் உட்கொள்ளுக. போத்தலில் எடுத்துச் செல்லும் சாயத்தண்ணீரைக் காலை உணவோடு குடியாது, மலையில் வேலையின் இடைவேளைக்கென வைத்துக்கொள்ளலாம்.