கத்தியா, களிம்பா?

கடலூரில் பஸ் ஏறி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் போய்ச் சேர சுமார் 45 கிலோமீட்டர். சாதாரணப் பிரயாணிக்கு அது ஒரு சிறு தூக்கம் போடும் நேரம். ஆனால் ஆசனவாயில் வெடிப்பு கண்டவருக்கோ அதே தூரம் ஒரு யுகம்! பஸ் குலுங்கும் ஒவ்வொரு தடவையும் அவர் இருக்கையிலிருந்து அரை அங்குலம் எழும்பி உட்காருவார். பக்கத்தில் இருப்பவர் "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்று சொல்லிச் சிரித்து மழுப்புவார்.

வெளியே சொல்ல வெட்கம். உள்ளே வைத்திருக்க வேதனை. இந்த நோயின் பாதி உபத்திரவம் இதுதான்.

எல்லாம் மூலம் அல்ல

ஆசனவாயில் வலி என்றாலும் ரத்தம் என்றாலும் நம் ஜனங்கள் 'மூலம்' என்றே பெயர் வைத்துவிடுகிறார்கள். உண்மையில் அங்கே வரும் நோய்கள் பல. ரத்தக் குழாய் மெத்தைகள் வீங்குவது மூலம். சீழ் வழிந்து, உள்ளுக்கும் வெளிக்கும் துவாரம் விழுவது பவுத்திரம். ஆசனவாயின் மெல்லிய தோல் கிழிவதே வெடிப்பு.

வெடிப்பின் அடையாளம் தெளிவானது. மலம் கழிக்கும்போது கண்ணாடிச் சில்லால் கீறியதுபோல் வலிக்கும். அந்த எரிச்சல் சில நிமிஷங்களோ, பல மணி நேரமோ நீடிக்கும். சிவப்பாகச் சில துளி ரத்தமும் தெரியும்.

ஆறாத காரணம்

விரலில் பட்ட கீறல் நாலு நாளில் ஆறிவிடுகிறது. இது மட்டும் ஏன் ஆறுவதில்லை?

ஆசனவாயைச் சுற்றி இரண்டு வளையத் தசைகள் இருக்கின்றன. வெளி வளையம் நம் இஷ்டத்துக்குக் கட்டுப்பட்டது. உள் வளையம் அப்படியல்ல. தானாகவே இறுகி நிற்பது. தோல் கிழிந்து வலி எடுத்ததும் இந்த உள் வளையம் இன்னும் இறுகுகிறது. இறுகினால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைகிறது. ரத்தம் போகாத புண் எப்படி ஆறும்? வலிக்குப் பயந்து நோயாளி மலத்தை அடக்குகிறார். அடக்கிய மலம் இறுகுகிறது. மறுநாள் அதுவே புண்ணை மறுபடி கிழிக்கிறது. செக்கு மாடு போல இந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சிகிச்சை எதுவானாலும் இந்த வட்டத்தை ஓர் இடத்தில் அறுப்பதுதான் அதன் வேலை.

முதலில் சாப்பாடும் வெந்நீரும்

கடலூரிலிருந்து லாரி ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வெயிலில் வேர்வை கொட்டும். தண்ணீர் குடிக்க நேரமில்லை. பரோட்டாவும் டீயுமே ஆகாரம். மலம் வந்தாலும் வண்டியை நிறுத்த முடியாது. வெடிப்பு வர இதைவிட வேறு என்ன வேண்டும்?

வெடிப்பு கண்டு ஆறு வாரத்துக்குள் இருந்தால், கத்தியைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை என்பது நிபுணர்களின் கருத்து. இத்தகைய புதிய வெடிப்புகளில் பாதிக்கு மேல் எளிய வைத்தியத்திலேயே ஆறிவிடுகின்றன. தினம் 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். கீரை, வாழைத்தண்டு, அவரை, கொய்யா, கேழ்வரகு எல்லாம் கடலூர்ச் சந்தையில் கிடைப்பவைதான். சிதம்பரத்துக்காரர்களுக்குக் கத்தரிக்காய் கொத்சு இருக்கிறது; காரத்தை மட்டும் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். போதாவிட்டால் இசப்கோல் உமி. அதைத் தண்ணீர் தாராளமாகக் குடிக்காமல் சாப்பிட்டால் பலன் எதிராகிவிடும்.

மலம் கழித்த பிறகு, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றிய அகலப் பாத்திரத்தில் 10 அல்லது 15 நிமிஷம் உட்கார வேண்டும். இறுகிய தசை இளகி, வலி தணியும். காசில்லாத மருந்து இது!

மார்வலி மருந்து செய்த மாயம்

இதிலும் ஆறாத வெடிப்புக்கு ஆபரேஷன் ஒன்றே கதி என்று ஒரு காலத்தில் இருந்தது. இருதய நோயாளிகள் மார்வலிக்கு உபயோகிக்கும் நைட்ரோகிளிசரின் அந்த நிலையை மாற்றியது. அதைக் களிம்பாகத் தடவினால் உள் வளையம் தளர்ந்து, புண்ணுக்கு ரத்தம் பாய்கிறது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகர டாக்டர்கள் லண்டும் ஸ்கோல்ஃபீல்டும் 1997-ல் 'லான்செட்' பத்திரிகையில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். எட்டு வாரத்தில் மருந்துக் களிம்பு தடவியவர்களில் 68 சதவீதம் பேருக்குப் புண் ஆறியது. வெறும் களிம்பு தடவியவர்களில் 8 சதவீதம் பேருக்கே ஆறியது.

பின்னால் வந்த ஆராய்ச்சிகளில் பலன் இவ்வளவு பிரமாதமாக இல்லை. தலைவலி பலரைப் பாடுபடுத்தியது. ஆறிய புண் சிலருக்குத் திரும்பவும் வந்தது. ஆகவே தலைவலி குறைவாகத் தரும் டில்டியாசம் களிம்பை இப்போது பலர் எழுதிக் கொடுக்கிறார்கள். தசையைச் சில மாதங்களுக்குத் தளர்த்தி வைக்கும் பொட்டுலினம் ஊசியும் உண்டு.

கத்தியின் சரித்திரம்

19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு டாக்டர் ரேகாமியே, ஆசனவாயை விரல்களால் அகட்டும் முறையைச் செய்தார். வெடிப்பு ஆறியது, ஆனால் தசை கண்டபடி கிழிந்து, மலத்தை அடக்கும் சக்தியைச் சிலர் இழந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் ஐசன்ஹாமர் 1951-ல் உள் வளையத்தை மட்டும் அளவாக வெட்டும் முறையை விளக்கினார். லண்டனில் நோட்டராஸ் 1969-ல் பக்கவாட்டில், தோலுக்கு அடியிலேயே சிறு வெட்டுப் போடும் வழியை வெளியிட்டார். இன்று செய்யப்படும் ஆபரேஷனுக்கு அதுவே அடிப்படை.

இதற்கு நேரம் அதிகம் பிடிப்பதில்லை. 100-ல் 90 பேருக்கு மேல் குணமாகிறது. எந்தக் களிம்பும் இந்தக் கணக்கை எட்டவில்லை. அப்படியானால் எல்லாரும் நேரே ஆபரேஷனுக்குப் போகலாமே?

அங்கேதான் சங்கடம்! வெட்டிய தசை பழையபடி ஆவதில்லை. சிலருக்கு வாயுவை அடக்க முடியாமல் போகும். சிலருக்குத் துணியில் கறை படும். பெரும்பாலும் இது லேசானது, நாளடைவில் குறைவது. ஆனால் குறையாமல் நின்றுவிட்டவருக்கு அது ஆயுள் கால வேதனை.

ஒரே நோய், இரண்டு தீர்ப்பு

நம் லாரி டிரைவர் எட்டு வாரம் ஒழுங்காக வைத்தியம் செய்தும் ஆறவில்லை. வெடிப்பின் ஓரம் தடித்து, வெளியே ஒரு தோல் மொட்டும் வளர்ந்துவிட்டது. வேலைக்குப் போக முடியவில்லை. "டாக்டர் ஐயா, கத்தி வைத்தால் கெடுதல் வருமா?" என்று கேட்கிறார். தசை வலுவாக உள்ள ஆணாகிய அவருக்கு ஆபரேஷனே பெரும்பாலும் நல்ல வழி.

சிதம்பரத்தில் மூன்று பிள்ளை பெற்ற ஒரு தாய்க்கும் அதே வெடிப்பு. ஒரு பிரசவத்தில் ஆயுதம் போட்டு எடுத்தார்கள். பிரசவத்திலேயே தசை வெளியே தெரியாமல் பழுதுபட்டிருக்கலாம். இவருக்கு அவசரப்பட்டுக் கத்தி வைக்கக் கூடாது. களிம்பு, அதன் பின் ஊசி என்று படிப்படியாகப் போவதே விவேகம்.

ஜாக்கிரதை!

வெடிப்பு நடுக்கோட்டில் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தாலும், பல இடத்தில் இருந்தாலும், வலியே இல்லாமல் இருந்தாலும் காசநோய், குடல் அழற்சி, புற்றுநோய் போன்றவை பின்னால் ஒளிந்திருக்கலாம். நடு வயதைத் தாண்டியவருக்கு ரத்தம் போனாலோ, எடை குறைந்தாலோ, மலப் பழக்கம் மாறினாலோ குடல் பரிசோதனை அவசியம். பெயர் தெரியாத ஊசி போடும் போலி வைத்தியரிடம் இந்த வித்தியாசம் தெரியுமா?

கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1985-ல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021-ல் அரசின் சுகாதாரத் துறையின் கீழ் வந்துவிட்டது. இரு ஊர்க்காரர்களுக்கும் அறுவை நிபுணர் தூரத்தில் இல்லை. அவரிடம் கேட்க வேண்டியவை மூன்றே: "இது வெடிப்புதானா? எல்லா மருந்தையும் சரியாகப் பார்த்தாகிவிட்டதா? என் தசை ஆபரேஷனைத் தாங்குமா?"

இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் கத்தியா, களிம்பா என்பது தானாகவே தெளிந்துவிடும். வெட்கத்தை விட்டு வாயைத் திறப்பதுதான் வைத்தியத்தின் முதல் படி.