கீரையும் குளிசையும்

முதியோர் வாழும் இல்லங்கள் பலவற்றில் இன்று விற்றமின் குளிசைப் போத்தல் ஒன்றைக் காண்கிறோம். கடல் கடந்து வாழும் பிள்ளைகள் தாய் தந்தையர் நலங் கருதி அனுப்பி வைப்பது அது. அவர்தம் அன்பை நாம் குறை கூறவில்லை. ஆயினும், அக்குளிசை எதிர்பார்த்த நன்மையைத் தருகின்றதா என ஆராய்ந்தறிவது நம் கடமையன்றோ?

இரும்பு துருப்பிடிப்பதை நாமனைவரும் அறிவோம். ஈரத்தோடு ஒட்சிசனும் சேர்வதே அதன் காரணம். நமது உடலோ அதே ஒட்சிசனைக் கொண்டுதான் உணவிலிருந்து சக்தியைப் பெறுகின்றது. அவ்வேளையில் ‘சுயாதீன மூலிகங்கள்’ எனப்படும் நிலையற்ற துணிக்கைகள் தோன்றி உடற்கலங்களைத் தாக்குகின்றன. அவற்றை அடக்கும் காவலும் உடலிலேயே உண்டு. அக்காவலை மீறித் தாக்குதல் மிகும் நிலையே ‘ஒட்சியேற்றத் தகைப்பு’ ஆகும்.

மூப்புக்கு இம்மூலிகங்களே காரணமாகலாம் என்னுங் கொள்கையை அமெரிக்க அறிஞர் டெனம் ஹாமன் 1956ஆம் ஆண்டில் வெளியிட்டார். மரக்கறியும் பழமும் மிகுதியாக உண்போரிடையே புற்றுநோய் குறைவு என்பதும் பின்னர் அவதானிக்கப்பட்டது. அவற்றிலுள்ள ஒட்சியேற்றத் தடுப்பிகளைப் பிரித்தெடுத்துக் குளிசையாக உட்கொண்டால் நோய் விலகுமன்றோ என்ற நம்பிக்கை இவற்றால் எழுந்தது.

அதனைச் சோதித்தறியப் பின்லாந்து நாட்டில் 1985ஆம் ஆண்டில் பெரியதோர் ஆராய்ச்சி தொடங்கியது. புகைபிடிக்கும் வழக்கமுடைய, 50 முதல் 69 வயது வரையான ஆடவர் 29,133 பேர் அதிற் பங்குபற்றினர். சிலருக்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் பீற்றா கரோட்டின் வழங்கப்பட்டது. கரட்டுக்கு நிறமளிக்கும் பொருள் அதுவே. சிலருக்கு விற்றமின் ஈயும், சிலருக்கு இரண்டும், ஏனையோருக்கு மருந்தற்ற போலிக் குளிசையும் கொடுக்கப்பட்டன.

1994இல் வெளிவந்த முடிவு மருத்துவ உலகைத் திகைக்க வைத்தது. பீற்றா கரோட்டின் உண்டவர்களிடையே நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது! விற்றமின் ஈயும் அந்நோயைத் தடுக்கவில்லை. புகைபிடிப்போருக்குப் பீற்றா கரோட்டினையும் விற்றமின் ஏயையும் சேர்த்தளித்த அமெரிக்க ஆராய்ச்சியொன்றிலும் இத்தகைய தீமையே தென்பட்டது. அதனால் 1996 ஜனவரியில் அது இடைநடுவில் நிறுத்தப்பட்டது.

காய்கறியில் நன்மை செய்தது குளிசையில் ஏன் செய்யவில்லை? கீரையில் இருப்பது ஒரு பொருளன்று. நாரும் உப்புக்களும் விற்றமின்களும் அளவோடு கலந்திருக்கின்றன. குளிசையிலோ ஒன்று மட்டும் மிகையாக நிற்கின்றது. மேலும், மூலிகங்கள் முற்றிலும் பகையுமல்ல. வெண்குருதிக் கலங்கள் கிருமிகளைக் கொல்ல அவற்றையே படைக்கலமாகக் கொள்கின்றன.

குளிசையெல்லாம் வீண் என்பது நம் கருத்தன்று. விழித்திரையின் மையப்பகுதி முதுமையினாற் சிதையும் நோயின் சில நிலைகளில், குறித்ததொரு விற்றமின், நாகக் கலவை நோய் முற்றுவதைத் தாமதப்படுத்தும் என 2001இல் அறியப்பட்டது. குறைபாடு கண்டு வைத்தியர் கொடுத்த குளிசையையும் எவரும் தாமாக நிறுத்தலாகாது. ஆனால், குருதி உறையாதிருக்க மருந்து உண்போர் விற்றமின் ஈயை மிகையாக உட்கொண்டால் குருதிப்பெருக்கு நேரக்கூடும். ஆகவே, வந்த போத்தலைத் திறக்குமுன் வைத்தியரிடங் காட்டுதல் வேண்டும்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். போத்தலுக்குச் செலவிடும் பணம் பெற்றோரின் உணவுத் தட்டிற் பழமாகவும் கீரையாகவும் வந்து சேரட்டும். தேங்காய்ப்பூச் சேர்த்த முருங்கையிலை வறையிலும் பீற்றா கரோட்டின் உண்டு. அதனை உடல் ஏற்கத் தேங்காயின் கொழுப்பும் உதவுகின்றது. பல்லில்லாதவருக்குக் கீரையைக் கடைந்தும், கனிந்த பப்பாசியை மசித்தும் கொடுக்கலாம். அருகிலிருந்து அதனைப் பரிமாற ஒருவர் இருப்பின், முதியவர் மேலும் ஒரு பிடி உண்பார்.