விமானக் கருவிகளும் வேலைத்தளம் தெரிதலும்

பலாலியை அடுத்த ஊர்களில் வாழ்வோர்க்கு விமானத்தின் ஒலி புதிதன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பிரித்தானிய விமானப்படையினர் அமைத்த தளம் அது. 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் நாள், எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணத்தில், இரத்மலானையிலிருந்து சென்னைக்குச் சென்ற டக்கோட்டா விமானம் வழியில் இங்கே இறங்கியது. 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் நாள் அத்தளம் யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. இடையில் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கிற்று. விமானம் எழுவதையும் இறங்குவதையும் அண்ணாந்து நோக்கி மகிழும் நாம், அதனைச் செலுத்துவோன் எவற்றை நோக்கிக்கொண்டிருக்கிறான் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

கனடாவில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவர், ஊருக்கு வந்திருந்தபோது உயர்தர வகுப்பு மாணவரிடையே இப்பொருள் பற்றிப் பேசினார். அவரும் நண்பர் இருவரும் கூட்டாகச் சேர்ந்து பழைய செஸ்னா 172 விமானமொன்றை வைத்திருக்கின்றனர். நால்வர் அமரத்தக்க, ஒற்றை எஞ்சினுடைய சிறு விமானம் அது; அவ்வகை முதன்முதலிற் பறந்த ஆண்டு 1955. அதன் பழைய கருவிகளை நீக்கிப் புதியனவற்றைப் பொருத்துதற்கு அவர் பட்ட பாட்டைக் கேட்டபோது, இது விமானம் உடையார்க்கு மட்டும் உரிய செய்தியன்று. தம் உயிரைப் பிறர் கைத்திறனிடம் ஒப்படைக்கும் யாவர்க்கும் உரிய பாடம் என்று எனக்குத் தோன்றிற்று. தமிழாசிரியனாகிய யான் இதனை எழுதத் துணிந்தமைக்குக் காரணம் அதுவே.

முதலிற் கருவிகளை அறிவோம். சிறு விமானத்திற் செலுத்துவோனுக்கு எதிரே உள்ள கருவிப்பலகையில் ஆறு கருவிகள் முதன்மையானவை: வேகமானி, செயற்கை அடிவானம், உயரமானி, திரும்பல்காட்டி, திசைகாட்டும் சுழலி, ஏற்றவிறக்கமானி என்பன. இவற்றுட் சில காற்றின் அமுக்கத்தால் இயங்குவன. கடல்மட்டத்தை அடுத்த உயரங்களில், ஏறத்தாழ ஒவ்வொரு 30 அடி ஏற்றத்துக்கும் ஒரு மில்லிபார் வீதம் காற்றமுக்கம் குறைகின்றது. விமானத்தின் பக்கத்திலுள்ள சிறு துளை வழியாக அவ்வமுக்கத்தை உணர்ந்து உயரமானி உயரத்தைக் கூறும். இறக்கையின் கீழே முன்னோக்கி நிற்கும் குழாயில் மோதும் காற்றின் அமுக்கத்தை, அத்துளையின் அமுக்கத்தோடு ஒப்பிட்டு வேகமானி வேகத்தைக் கூறும். வேறு சில கருவிகள் சுழற்சியால் இயங்குவன. வேகமாகச் சுழலும் பம்பரம் தன் அச்சினை எளிதிற் சாயவிடாது என்பதைச் சிறுவரும் அறிவர். அந்தப் பம்பரமே பெட்டியொன்றினுள் அமைந்து, விமானம் எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பதைக் காட்டும் செயற்கை அடிவானமாகின்றது.

முகிலினுள்ளே புகுந்தவனுக்கு நிலமும் தெரியாது, வானும் தெரியாது. விமானம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருப்பினும், நேரே செல்வதாகவே உட்செவி அவனுக்குப் பொய் கூறும். அப்போது அவனுக்குத் துணையாவன கருவிகளே. 1929ஆம் ஆண்டு செப்ரெம்பர் 24ஆம் நாள், அமெரிக்காவில் ஜிம்மி டூலிட்டில் என்பார், தம் இருக்கையை முற்றும் மூடிக்கொண்டு, வெளியே ஒன்றையும் பாராமற் கருவிகளை மட்டுமே நோக்கி விமானத்தை எழுப்பிப் பறந்து இறக்கிக் காட்டினார். கருவியை நம்பிப் பறக்கும் காலம் அன்று பிறந்தது என்னலாம்.

இன்று அக்கருவிகள் யாவும் ஒன்றிரண்டு மின்திரைகளுள் அடங்கிவிட்டன. பம்பரத்துக்குப் பதிலாக அசையும் உறுப்பற்ற நுண் உணரிகள் வந்துள்ளன. விமானத்தின் இடத்தையும் உயரத்தையும் தானே ஒலிபரப்பும் கருவி, அமெரிக்காவின் நெரிசல் மிக்க வான்பரப்புகளில் 2020ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் தொட்டுக் கட்டாயமாயிற்று. ஆதலின் பழைய விமானம் வைத்திருப்போர் பலர் மின்னணுக் கருவி பொருத்தும் வேலைத்தளங்களை நாடலாயினர். அங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது.

நம் பழைய மாணவர் திங்கட் கணக்கிற் கருவிகளை ஆராய்ந்தார். திரையின் அளவு, நிறம், விலை யாவற்றையும் ஒப்பிட்டார். வேலைத்தளத்தைத் தெரிவதற்கோ ஒரு மாலைப்பொழுதையே செலவிட்டார். குறைந்த கூலி கேட்ட இடத்தில் விமானத்தை விட்டார். ஆறு கிழமையில் முடியும் என்ற வேலை ஏழு மாதத்தில் முடிந்தது. திரைகள் அழகாக ஒளிர்ந்தன. ஆயின் எஞ்சினின் வேகம் கூடுந்தோறும் வானொலியில் ஓர் இரைச்சலும் கூடிற்று. வயர்கள் செல்லும் முறையைக் காட்டும் வரைபடம் கேட்டார், கிடைக்கவில்லை. வேறொரு வேலைத்தளத்தார் பலகையைக் கழற்றியபோது, புதிய வயர்கள் பழைய வயர்களோடு இடையிடையே முடியப்பட்டிருந்தன. அவற்றுள் ஒரு கட்டு, விமானத்தைத் திருப்பும் கைபிடித் தண்டோடு உராய்ந்துகொண்டிருந்தது. அது இன்னும் சிறிது தளர்ந்து சிக்கியிருப்பின் யாது நேர்ந்திருக்கும் என்பதைச் சொல்ல அவர் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். அவ்விமானத்தில் அவர் தம் பேரப்பிள்ளையை ஏற்றிச் சென்றிருந்தார்.

இது மிகைப்பட்ட அச்சமன்று. 1996ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் நாள், பெரு நாட்டின் லீமா நகரிலிருந்து இரவில் எழுந்த போயிங் 757 விமானமொன்று கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 70 பேரும் இறந்தனர். விமானத்தைத் துப்புரவு செய்தபோது, மேலே கூறிய அமுக்கத் துளைகளை ஒட்டுநாடாவால் மூடியவர்கள் அதனை நீக்க மறந்தனர். உயரமானியும் வேகமானியும் பழுதற்றனவே. ஆயினும் இரண்டும் பொய் கூறின. கருவி எத்துணைச் சிறந்ததாயினும், அதனைத் தொட்ட கையின் பிழை கருவியின் பிழையாகவே முடியும்.

ஆகவே வேலைத்தளத்தைத் தெரிவோர் நோக்கவேண்டியன யாவை? அவர் கூறியவற்றைத் தொகுத்துத் தருகின்றேன்.

முதலாவது, உரிமம். நாட்டின் விமானத்துறை அதிகாரிகள் அவ்வேலைத்தளத்துக்கு அனுமதி வழங்கியுள்ளனரா, அவ்வனுமதி இவ்வகை வேலையையும் உள்ளடக்குமா என்பதை நோக்கல் வேண்டும். நம் நாட்டில் அவ்வதிகாரம் சிவில் விமான சேவைகள் அதிகாரசபைக்கு உரியது. பொருத்தப்படும் கருவி அவ்வகை விமானத்துக்கு ஏற்புடையதென அங்கீகாரம் பெற்றிருத்தலும் வேண்டும்.

இரண்டாவது, பயிற்சி. அதே வகை விமானத்தில், அதே கருவியை முன்னர் எத்தனை முறை பொருத்தினர் என வினவல் வேண்டும். அவர்களிடம் வேலை செய்வித்த பிறரையும் கண்டு கேட்டல் நன்று. வேலை முடிந்த நாளில் அன்று, ஓராண்டு கழிந்தபின் அவர் கூறுவதே சான்று.

மூன்றாவது, நேரிற் சென்று காணல். திரையைப் பாராது பலகையின் பின்புறத்தைப் பார்க்கவேண்டும். வயர்கள் ஒழுங்காகக் கட்டப்பட்டு, ஒவ்வொன்றும் பெயரிடப்பட்டு, உராயும் இடங்களில் உறையிடப்பட்டுள்ளனவா என்பதே வேலைக்காரனின் கையெழுத்து.

நான்காவது, எழுத்திலான மதிப்பீடு. கருவியின் விலை, கூலி, அலைவாங்கி, பழைய வயர்களை நீக்கும் செலவு, முடியும் நாள், முற்பணம் யாவும் வேறு வேறாக எழுதப்படல் வேண்டும். பழைய பலகையைத் திறந்தபின் எதிர்பாராத பழுது தென்படுதல் உண்டு. அப்போது உடையவனைக் கேளாது மேலதிக வேலை செய்வதில்லை என்பதும் எழுதப்படல் வேண்டும்.

ஐந்தாவது, கையளிப்பு. வயர் வரைபடம், திருத்திய நிறை-சமநிலைக் கணக்கு, விமானப் பதிவேட்டுக் குறிப்பு, அமுக்கக் கருவிகளைச் சோதித்த சான்று ஆகியன இன்றி விமானத்தை ஏற்றல் தகாது. முதற் பறப்புகளில் வெளிப்படும் குறைகளைத் திருத்தத் திரும்பிச் செல்லவும் நேரும்; ஆதலின் வேலைத்தளம் எட்டிய தூரத்தில் இருத்தல் நலம்.

இவற்றினும் நுட்பமானதொன்றை அவர் இறுதியிற் சொன்னார். முதல் வேலைத்தளத்தார் எக்கருவி வேண்டும் என்று கேட்டனர். இரண்டாம் இடத்தாரோ, எங்கே பறப்பீர், இரவிற் பறப்பீரா, முகிலினுட் புகுவீரா, உடன் வருவோர் யாவர் என்று கேட்டனர். அவர் வாங்க எண்ணியிருந்த கருவியொன்று அவருக்கு வேண்டியதில்லை என்றும் கூறினர். விற்கக்கூடிய பொருளை வேண்டாவென்று சொன்ன அந்த இடத்திலேயே அவர் விமானத்தை விட்டார்.

திருவள்ளுவர் தெரிந்துதெளிதல் என்னும் 51ஆம் அதிகாரத்தை முன்னும், தெரிந்துவினையாடல் என்னும் 52ஆம் அதிகாரத்தை அதன் பின்னும் வைத்தார். ஆளை ஆராய்ந்து தேறுதல் முன்னது. தேறியவனுக்கு ஏற்ற வினையை அவனிடம் ஒப்படைத்தல் பின்னது. இம்முறை மாறின் யாது நேரும் என்பதற்கு அப்பழைய மாணவரின் ஏழு மாதங்களே சான்று. நன்கு தேர்ந்தவனை நாள்தோறும் ஐயுற்று, திட்டத்தை மாற்றி மாற்றி இடையூறு செய்தலும் தகாது. அதனாலும் வேலை நீளும்; பிழையும் புகும்.

மாணவர்க்கு ஒரு சொல். நம் குடாநாட்டார் கைத்திறனுக்குப் பெயர்போனவர். யான் சிறுவனாயிருந்த 1990ஆம் ஆண்டுகளிற் பெற்றோல் அரிதாயிருந்தபோது, ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டினர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். உள்ளதைக்கொண்டு சமாளிக்கும் அத்திறன் அன்று நம்மைக் காத்தது. அதனை யான் ஒருபோதும் குறைகூறேன். ஆயினும் விமானத்திற் சமாளிப்புக்கு இடமில்லை. அங்கே வயர் ஒன்றை மாற்றினும் ஏன், எவ்வாறு, யார் மாற்றினார் என்று எழுதிக் கையொப்பமிடல் வேண்டும். நம் கைத்திறனோடு இவ்வொழுங்கும் சேருமாயின், பலாலியில் இறங்கும் விமானங்களைப் பேணும் பணியில் நம் கல்லூரிப் பிள்ளைகளும் ஒருநாள் அமர்வர். அன்று அவர்தம் கையொப்பத்தை நம்பி முன்பின் அறியாத ஒருவன் தன் பேரப்பிள்ளையை விமானத்தில் ஏற்றுவான். அந்நம்பிக்கைக்குத் தகுதியுடையோராதலே கல்வியின் பயன் என்க.