ஃபெயிலானவன் போட்டோ எங்கே, சார்?

போர்டில் 'திட்ட விலக்கம்' என்று எழுதினால் போதும், என் மாலை வகுப்பில் கொட்டாவி ஆரம்பம்! பகலெல்லாம் ஆபீஸில் ஃபைல் புரட்டிவிட்டுப் பரீட்சைக்குப் படிக்க வருகிறவர்கள், பாவம். அதனால் புள்ளியியலை நான் கதையாகத்தான் தொடங்குவேன்.

1943. உலகப்போர். குண்டு வீசப் போன அமெரிக்க விமானங்கள் உடம்பெல்லாம் ஓட்டையோடு திரும்புகின்றன. எங்கே கூடுதல் கவசம் போடலாம்?

"ஓட்டை அதிகமா இருக்கிற இடத்துல, சார்!" வகுப்பே கத்தும்.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஆப்ரஹாம் வால்ட் நேர்மாறாக யோசித்தார். எஞ்சினில் ஓட்டை குறைவு. ஏன்? எஞ்சினில் அடிவாங்கியவை திரும்பி வந்தால்தானே எண்ணுவதற்கு! கையிலிருப்பது பிழைத்து வந்தவற்றின் கணக்கு மட்டும். (விமானத்துக்குக் கணக்குப் போட்ட இந்த மனிதர் 1950-ல் இந்தியாவுக்கு லெக்சர் தர வந்து, நம்ம நீலகிரியில் விமான விபத்தில் மனைவியோடு இறந்தார்.)

ஒருநாள் கதை முடிந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்:

"பாஸானவங்க போட்டோவா போட்டு ஒரு கோச்சிங் சென்டர் விளம்பரம் பண்ணுச்சு. வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டினேன் சார். ஃபெயிலானவன் போட்டோ எங்கே?"

யாரும் சிரிக்கவில்லை. 'எத்தனை பேர் சேர்ந்தாங்கன்னு முதல்ல கேட்டிருக்கணும்' என்றார் பக்கத்து சீட்டுக்காரர். சாம்பிள் பாடத்தை அங்கிருந்தே ஆரம்பித்தேன்.